அரைப்பேர்

இரவில் யாரும் கேட்காமலே
தன்னைப் புதுப்பித்துக்கொண்டது கொம்பியூட்டர்.
காலையில் ஒபிஸைத் திறந்தால்
மொனிட்டர் கறுப்பு.
மூலையில் ஒரு செம்மஞ்சள் விளக்கு மட்டும்
அணைவதும் எரிவதுமாய்.

நாளை பத்தாம் திகதி. சம்பளம்.
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் செக்ரோல்
அந்தக் கறுப்புக்குப் பின்னால்.

"டிரைவர் சரியில்லை சேர்" என்றேன்.
"எவன், லொறி டிரைவரா?
நேற்று நல்லாத்தானே இருந்தான்" என்றார் பெரிய கிளாக்கர்.
நான் விளக்கவில்லை.
மஸ்கெலியாப் பக்கம் மூடிய பனி
ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது.

ஹட்டனிலிருந்து போனில் இர்ஷாத்:
வயரைக் கழற்று. ஊது. திரும்பச் செருகு.
(நீல முனையின் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று
எனக்கு முன் இருந்தவர் காலத்திலேயே தொலைந்தது.)
பெட்டிக்குப் பின்னால் இரண்டு வாய் இருக்கும்,
மற்றதில் போட்டுப் பார்.
டோர்ச்சைச் சாய்த்து அடி, உள்ளே ஏதும் தெரியுதா?
தெரிந்தது.
தலை வாராத ஒரு பெண். நான்தான்.

நாலு விசையை நாலு விரலால் ஒன்றாக அமுக்கு.
அமுக்கினேன். ஒரு பீப்.
"உயிர் இருக்கு" என்றான்.
ஒரு சின்னப் பெட்டி மிதந்து வந்து
எல்லை தாண்டிவிட்டது என்று
ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அணைந்தது.

"புது டிரைவர் செக்கனுக்கு எழுபத்தைந்து தரம் கேட்குது.
உன் திரைக்கு அறுபதுதான் ஏலும்."
கேட்டால் ஏலுமா என்று யார் பார்க்கிறார்கள்.
பதினெட்டுக் கிலோ மலையில்
இருபது என்று பலகை மாற்றிய வருஷம்
நான் இந்த ஒபிஸில்தான் இருந்தேன்.

சேஃப் மோடில் திறந்தது ஒருவழியாய்.
எல்லாம் பூதாகரம்.
திரை முழுக்க ஆறே ஆறு வரி.
லுஹர் தொழுதுவிட்டு எடுக்கிறேன் என்று
இர்ஷாத் வைத்துவிட்டான்.
செக்ரோல் பத்திரமா என்று திறந்து பார்த்தேன்.
பெயர்கள் விளிம்பில் முறிந்து நின்றன:
சவரிய
அங்கமு
வேளாங்க
பாதிப் பாதிப் பெயர்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர்.
நிறை குறைந்தால் அரைப்பேர்.
மாதாமாதம் எறும்பு வரிசையாய் ஓடும் அரைகள்
இன்று ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவில்.
சவரியம்மா, பதினேழாம் திகதி:
பத்தொன்பது கிலோ எண்ணூறு.
தட்டியது என் விரல்தான்.

நிறுவைச் சீட்டைத் தேடினேன்.
இருபத்தொன்று எண்ணூறு.
ஈரக் கொழுந்துக் கழிவு, இரண்டு கிலோ.
அப்புறம், ஏன் என்று தெரியவில்லை,
சுவரில் தொங்கிய மழைமானிப் புத்தகத்தை எடுத்தேன்.
பதினேழாம் திகதி:
பூச்சியம்.
பதினாறும் பூச்சியம்.

இர்ஷாத் திரும்ப எடுத்தான்.
மஞ்சள் முக்கோணம் தெரியுதா? அதற்குள் போ.
பழையதற்குத் திரும்பும் பொத்தான் இருக்கும்.
இருந்தது. சாம்பல் நிறத்தில்.
எத்தனை தரம் அமுக்கினாலும் அசையவில்லை.
"அப்படியென்றால் புதியதை அழி.
போன வருஷம் தந்த பென் டிரைவ் எங்கே?"
முத்திரை டப்பாவில், ரப்பர் வளையங்களுக்கு அடியில்.

மூன்று தரம் நின்று எழுந்தது.
நடுவில் ஒரு தரம் கரண்ட் போய்
நான் அழாத குறை.
பிறகு அறுபதில் வந்து அமர்ந்தது படம்,
எதுவுமே நடக்காத மாதிரி.
பெயர்கள் முழுதாயின. மறுபடி எறும்பாயின.

"சரியா?" என்றார் பெரிய கிளாக்கர்.
"திரை சரி சேர்."
அச்செடுத்த தாளைப் புரட்டினார்.
"இதென்ன, பென்சிலில் பூச்சியம்?"

சீட்டையும் மழைப் புத்தகத்தையும்
அவர் மேசையில் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
வெளியே லொறி வந்து நின்று
ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.