அரைப்புள்ளி

செக்காலை ரோட்டு ஜவுளிக்கடை,
இரண்டாம் மாடி, மூன்றாவது பில் கவுன்ட்டர்.
துணியைப் பையில் போடும் முன்பே கேட்டுவிடுவேன்:
"நம்பர் சொல்லுங்க."

எதற்கு என்று கேட்பவர் நூற்றுக்கு இரண்டு பேர்.
அவர்களுக்கும் வைத்திருக்கிறேன் ஒரு வாக்கியம்:
"நம்பர் இல்லாம பில் வராதுங்க."
பொய்தான்.
எஃப்-ஒன்பதைத் தட்டினால் வரும்.
தட்டினால் என் கணக்கில் ஒன்று குறையும்;
நாளுக்கு எண்பது கேட்கிறார்கள்.
பிறந்தநாளுக்கு ஐம்பது காசு,
கல்யாணநாள் வாங்கினால் ஒரு ரூபாய்.

உமையாள் ஆச்சியிடம் அந்த ஒரு ரூபாயை
நான்தான் சம்பாதித்திருக்கிறேன்.
திரையில் என் ஊழியர் எண் நிற்கிறது.
ஆறு வருடத்துக்கு முந்தைய தீபாவளிக் கூட்டம்.
அவர் ஒரு தேதி சொல்ல,
பக்கத்தில் நின்றவர் சிரித்துக்கொண்டே திருத்தினாராம்.
எனக்கு நினைவில்லை.
சர்வருக்கு நினைவிருக்கிறது,
தேதி மட்டும்.

இன்று அவர் எதுவும் வாங்கவில்லை.
போனை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

இனிய திருமண நாள் வாழ்த்துகள்!
வயிரவன் – உமையாள் தம்பதியருக்குப்
பட்டுப் பிரிவில் பத்து சதவீதம் தள்ளுபடி.

"அவுக போயி நாலு வருசமாச்சு."
பாக்கிச் சில்லறை கேட்கிற குரல்.
"எங்க கோயில் வரிக் கணக்குல
புருசன் பொண்டாட்டி சேர்ந்தா ஒரு புள்ளி.
தனியா நின்னா அரைப்புள்ளி.
கோயில்காரவுக மறு வருசமே திருத்திட்டாக.
உங்க கடையிலதான் நான் இன்னும் முழுப்புள்ளி."

விரலால் தள்ளிக்கொண்டே போனார்.
வயிரவன் சாருக்கு முழு உடல் பரிசோதனை.
வயிரவன் சாருக்கு ஐந்து நிமிடத்தில் கடன்.
வயிரவன் சார், உங்களுக்குப் பிறகு
உங்கள் குடும்பத்துக்கு யார்?
அதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"இவுகளுக்கெல்லாம் யாரு குடுத்தது?"

மேனேஜர் வந்தார்.
"நிபந்தனைகளை ஒத்துக்கிட்டிருக்கீங்கம்மா."
"எங்க?"
உறுப்பினர் கார்டைத் திருப்பிக் காட்டினார்.
கசகசா கொட்டியதுபோல் எழுத்து.
ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.
"பில்லுக்குக் குடுத்த நம்பரு
பில்லோட முடியணுமில்ல?"
"அழிக்கிறது ஹெட் ஆபீஸ். மெயில் போடுங்க."
"மூணு போட்டேன். தேதி சொல்லவா?"

வெள்ளைத்தாள் வாங்கி,
புடவை சுற்றிய பொம்மைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து
சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதினார்.
எந்தெந்தக் கம்பெனிக்குப் போனது, பட்டியல் வேண்டும்.
நட்டஈடு: ஒரு ரூபாய்.

என் ஒரு ரூபாய் அவருக்குத் தெரியாது.
நகலில் கடை முத்திரை கேட்டார்.
மேனேஜர் லிஃப்ட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் குத்திக் கொடுத்தேன்.

மேனேஜர் சாப்பிடப் போனதும்
அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
அழிக்கும் பொத்தான் எனக்குக் கிடையாது,
திருத்தும் பொத்தான் உண்டு.
பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவக்கிறது,
ஏதாவது போடு என்கிறது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.
கணவர் பெயர்: இன்னொரு புள்ளி.
கைபேசிக்குப் பத்து இலக்கம் கட்டாயம்.
கொஞ்சம் யோசித்து
மேனேஜர் நம்பரைப் போட்டேன்.
அடுத்த வருடம் இதே நாளில்
புள்ளி – புள்ளி தம்பதியருக்கு வரும் வாழ்த்தை
அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

ஆனால் போனது போனதுதான்.
கடன் கொடுப்பவர்களின் பட்டியலில்
வயிரவன் சார் இன்றைக்கும்
நல்ல உடம்போடு, நல்ல வருமானத்தோடு இருக்கிறார்.

"அடுத்து யாரு?"
ஒரு கல்லூரிப் பையன், ஒரே ஒரு கைலி.
நான் வாயைத் திறக்கும் முன்பே
ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான்: ஒன்பது, எட்டு, நான்கு...
"வேணாம் தம்பி" என்று
எஃப்-ஒன்பதைத் தட்டினேன்.

சந்தேகமாகப் பார்த்தான்.
"அப்ப டிஸ்கவுன்ட் கிடைக்காதாக்கா?"