நோம்பிக்கு மறுவாரம்

தீவாளி நோம்பிக்குத் திருப்பூர்
ஷட்டரை இறக்கிவிட்டுப் போனது.
தேனி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள்,
ஒடிசா ரயிலில் கழிவறை வாசலில் உட்கார்ந்து போனார்கள்.
காதர்பேட்டையில்
ஒரு நாய், நனைந்த அட்டைப்பெட்டி.

எங்கள் பம்ப் கிணற்றுக்கு வரும் சாக்கடை பாதியானது.
ஷிப்ட் முடியும் ஏழு மணிக்கு
ஊரே குளிக்கும் அந்தப் பெருக்கு
திரையின் கோட்டில் சின்ன மேடாக
எழுந்து, படுத்துக்கொண்டது.

மூன்று புளோயரில் ஒன்றை நிறுத்தினேன்.
மற்ற இரண்டைத் தணித்தேன்,
பால் பொங்குமுன் தணிப்பதுபோல,
ஆக்சிஜன் முள் இரண்டுக்கு இறங்கும்வரை.

"காத்துக் கொறஞ்சா பூச்சி செத்துருமுங்க"
என்றார் ஃபிட்டர் கொமாரசாமி.
நுண்ணுயிரைக் கண்ணால் கண்டதில்லை அவர்.
பட்டியில் கட்டிய எருமையைப்போலப் பேசுவார்.

சாகவில்லை.
ராத்திரிக்கு முந்நூற்றுப் பத்து யூனிட்
மீட்டரில் ஓடாமல் நின்றது.
ஓடாததை எழுத
ரிஜிஸ்டரில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

வெளியே செரிமானத் தொட்டி,
அதன் தலையில் வெள்ளை பலூன்.
ஊர் காலியாக இருந்தபோது
அது நிறைந்து விம்மியது.
போனஸ் வாங்கிய ராத்திரி தின்ற பரோட்டா,
கடைசி ஓவர்டைமில் குடித்த டீ,
வரிசையில் நின்று வாங்கிய கறி
எல்லாம் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
அவசரமில்லாமல் வாயுவாகிக்கொண்டிருந்தன.
அதைக் குடித்து இஞ்சின் கரண்ட் தந்தது,
கரண்ட் புளோயருக்குப் போனது,
புளோயர் ஊதிய காற்றில்
அவர்கள் விட்டுப்போன மிச்சம் தெளிந்தது.

மறுவாரம் திரும்பினார்கள்,
முறுக்கு டப்பாவோடு, அரிசி மூட்டையோடு,
புதிதாய் ஒரு கைக்குழந்தையோடு.
ஏழு மணிப் பெருக்கு எழுந்து நின்றது.
மூன்றாவது புளோயரைப் போட்டேன்.
பலூனோ தொய்ந்து
ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.
இஞ்சின் இருமியது, நின்றது.
மின்வாரியக் கரண்டுக்கு மாறினேன்.

எஞ்சினியர் மேடம் போனில் கேட்டார்:
"கேஸ் லீக்குங்களா?"
"இல்லீங் மேடம். போன வாரம்
ஊர்ல யாரும் சாப்பிடலீங்."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எத்தனை பேரு திரும்பலைன்னு
பலூனைப் பாத்தாத் தெரியுங்களா?
பக்கத்து வீட்டு டெய்லர் குடும்பத்தக் காணோம்.
ஆர்டர் இல்லைங்கறாங்க."

ஒன்பதாம் நாள் பலூன் எழுந்தது.
சுவரில் சுண்ணாம்பால் போட்ட
போன வருஷத்துக் கோட்டுக்கு
ஒரு முழம் கீழே நின்றது.
பத்தாம் நாளும் அங்கேயே.

கோட்டிலும் அந்த மேடு
பழைய உயரம் ஏறவில்லை.
ஆக்சிஜன் முள் தேவைக்குமேல் நின்றது.
கொமாரசாமி என் முகத்தைப் பார்த்தார்,
பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது புளோயரை மறுபடி நிறுத்தினேன்.

மீட்டர் மிச்சம் காட்டியது.
பென்சிலை எடுத்தேன்.
இந்த மிச்சத்தை
ஓரத்தில் எழுதக் கை வரவில்லை.