எந்தப் பெட்டியில்

அங்கேரிபாளையம் ரோட்டில்
கட்டிங் ஹாலுக்கு மேல்மாடியில் பழைய சர்வர்.
இரண்டு பிராசசர், நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனம்,
பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால்
என் கையெழுத்தில் லைசென்ஸ் எண்.
டேட்டாபேஸ் எங்கே என்று யார் கேட்டாலும்
விரல் நீட்டிக் காட்டலாம்.

வைகாசியில் அதை நிறுத்தினோம்.
மூன்று புதுப் பெட்டிகள், உள்ளே பதினோரு சர்வர்கள்,
ஒன்றுக்கும் உடம்பில்லை.
நூல் கணக்கு, சாயக் கணக்கு, பீஸ் ரேட்டு எல்லாம்
நள்ளிரவில்
சுமை குறைந்த பெட்டியாகப் பார்த்துத்
தானே நகர்ந்துகொள்ளும்.
டம்ளர் தண்ணீர் தளும்பாமல்
வீடு மாறுகிற மாதிரிங்க என்று
முதலாளிக்குச் சொன்னேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் கடிதம்.
உங்கள் டேட்டாபேஸ் எந்தப் பெட்டியில் ஓடுகிறது?
ஒன்றில்தான் என்று எழுதினேன்.
எந்த ஒன்றில்?
சில நாள் இதில், சில நாள் அதில்.
அப்படியானால் மூன்றுக்கும் கட்டுங்கள்,
கோர் கணக்கில்.
ஓடுவதற்கு அல்ல,
ஓடக்கூடும் என்பதற்கு.

அக்கவுண்ட்ஸ் சென்னியப்பன் தொகையைப் படித்தார்,
கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.
முதலாளி கோபப்படவில்லை.
"ஏம்மா கோகிலவாணி,
ஒரு மாடு மூணு காட்டுலயும் மேயுமுன்னு
மூணு காட்டுக்கும் குத்தகை கேக்கறானாக்கு?"
ஆமாங்க.
"அப்ப மொளக்குச்சி அடிச்சுக் கட்டிப்போடு."

கட்டினேன்.
இரண்டாம் பெட்டி, பதினாறு கோர், நகர அனுமதி இல்லை.
நகரத்தானே இத்தனை லட்சம் என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை.
வாரச் சம்பளம், கூடவே போனஸ்.
நாலு பத்துக்கு இரண்டாம் பெட்டி
ஒரு விசில் அடித்து நின்றுவிட்டது.
கீழே செக்கிங் பெண்கள், டெய்லர்கள்,
ஒடிசாவுக்கு ராத்திரி ரயில் பிடிக்க
பையோடு வந்தவர்கள்,
நானூற்று முப்பது பேர்.
அத்தனை பேர் பீஸ் கணக்கும்
கட்டின இடத்தில் கிடக்கிறது.
பக்கத்திலேயே ஒன்றாம் பெட்டி
பாதி சும்மா, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டு.

சென்னியப்பன் வாசலில் நின்றார், ஒன்றும் பேசவில்லை.
கயிற்றை அவிழ்த்தேன்.
நாலு நாற்பதிலிருந்து ஏழு ஐம்பது வரை
குத்தகை இல்லாத காட்டில் மேய்ந்தது.
கடைசியாக வாங்கிய பிஸ்வஜித்
காசை எண்ணிக்கொண்டே ஓடினான்,
படியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு.

தையில் ஆடிட்.
எந்தப் பெட்டி, எத்தனை மணி, யார் உத்தரவு,
எல்லாம் லாகில் இருக்கிறது.
மூன்று வரி. மூன்றாவதில் என் பெயர்.
அழிக்கத் தெரியும்.

அச்செடுத்து, மார்க்கரால் அடிக்கோடிட்டு
ஃபைலில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.
லைசென்ஸ் இன்னும் பழைய சர்வர் பெயரில்தான்,
அதனால் எடைக்குப் போட முடியவில்லை.
ஃபைல் அதன்மேல்தான் இருக்கிறது,
யார் கேட்டாலும்
விரல் நீட்டிக் காட்டலாம்.