கையால் செய்த இரவு

ஜூன் மாதத்தில் வர்டோ தீவில்
பொழுது சாய்வதில்லை.
கடல்விளிம்புவரை இறங்கி வந்து
மனம் மாறியதுபோல் மறுபடி ஏறிவிடுகிறது.
அதனால் எங்கள் வீட்டில்
இரவைக் கையால்தான் செய்யவேண்டும்.

போன வருஷம் அட்டவணை எழுதினேன்.
ஏழுக்குச் சாப்பாடு, ஏழரைக்குக் குளியல்,
எட்டேகாலுக்குப் படுக்கை.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.
சீவர்ட் அதைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.
"அப்பா, சூரியனுக்கு இது தெரியுமா?"

தெரியாது.
நான் கத்தினேன். அவன் கத்தினான்.
எதற்கென்றே தெரியாமல் இல்வாவும் சேர்ந்து கத்தினாள்.
உன்னி இரவு ஷிஃப்டில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.
பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு ஆஸ்மண்ட்
வேலிக்கு வண்ணமடிக்க ஆரம்பித்தார்.

இந்த வருஷம் மணி சொல்வதில்லை,
வரிசை மட்டும்.
கஞ்சிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும்
ரேடியோ நிற்கும்.
ரேடியோ நின்றால் இல்வா
துணிக் கிளிப் டப்பாவோடு வருவாள்.
கறுப்புத் திரை ஜன்னலைவிடச் சிறியது;
ஓரத்தை இழுத்துச் சட்டத்தோடு கவ்வவைக்கப்
பதினான்கு கிளிப்புகள்.
எண்ணுவது அவள் வேலை.
பதினொன்றுக்கு அடுத்தது அவளுக்குப் பதின்மூன்று.
பதினான்கு என்று முடித்தபின்
டப்பாவில் ஒரு கிளிப் மிஞ்சும்,
திரையில் ஒரு கீறல் வெளிச்சம்.
திருத்துவதை விட்டுவிட்டேன்.
பிறகு இருட்டில் ஆளுக்கொரு கேள்வி.
ஒன்றே ஒன்று.
திமிங்கிலத்துக்கு விக்கல் வருமா என்பது நேற்றையது.

செவ்வாய்க்கிழமை நண்டுப் படகு தாமதம்.
துறைமுகத்தில் மேஸ்திரியோடு வாக்குவாதம்,
மிச்சச் சண்டையை வாயில் அதக்கிக்கொண்டே
பத்து மணிக்கு வந்தேன்.
"கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று
ஆஸ்மண்டிடம் சொல்லியிருந்தது
நாலு மணிநேரத்துக்கு முன்னால்.

ரேடியோ ஓடவில்லை.
பாத்திரம் கவிழ்ந்திருந்தது.
உள்ளே, முழங்கை வரை பச்சை வண்ணத்தோடு
எழுபது வயது ஆஸ்மண்ட்
நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார்.
"பதினொன்று" என்றாள் இல்வா.
"பதினொன்று" என்றார்.
"பதின்மூன்று" என்றாள்.
ஒரு கணம் யோசித்தார்.
"பதின்மூன்று" என்றார்.

வாயிலிருந்ததை விழுங்கினேன்.
பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
நடையிலேயே நின்றேன்.
கீறல் வெளிச்சம் சீவர்ட்டின் கால்கட்டைவிரலில் விழுந்திருந்தது.
அவன் இன்னும்
தன் கேள்வியைக் கேட்கவில்லை.