வலக்கை

தொலைபேசியில் நான் ஒரு குரல் மட்டும்.
காலை பத்து இருபதுக்கு டப்போ ஆஸ்பத்திரி.
மருத்துவச்சி பிரான்வின் சொல்வதை நான் சொல்வேன்,
நிரோஜினி சொல்வதையும் நான் சொல்வேன்.
கூட்ட உரிமையில்லை. குறைக்கவும்.

இருபத்தெட்டாம் கிழமை. கக்குவான் தடுப்பூசி.
விளங்கவில்லை போலும் என்று
"குக்கல்" என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு மூச்சு நின்றது.
"குக்கலோ? அது இன்னும் இருக்கோ?"
இருக்கிறது என்றாள் பிரான்வின்.
இருக்கு என்றேன்.

பிறகு "ரிஸ்க்" வந்தது.
ஆபத்து என்றால் வீடு பற்றி எரியும்.
பாதிப்பு என்றால் ஏற்கெனவே நடந்து முடிந்தது.
"நடக்கக்கூடியது" என்றேன்.
கை நோகலாம், காய்ச்சல் காயலாம்.
பெரிய ஒவ்வாமை மிக அரிது.

"அரிது எண்டால் எத்தினை பேரிலை ஒராள்?"
பத்து லட்சத்தில் ஒன்று அளவில்.
"டப்போவிலை எத்தினை சனம்?"
பிரான்வின் சிரித்தாள். நாற்பதாயிரம் இருக்கும்.
இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி எண்ணுகிறவள்
விரல் மடக்கும் நேரத்தில் சொன்னாள்:
"அப்ப இருபத்தைஞ்சு டப்போவுக்கு ஒராள்."

பிள்ளைக்கு முதல் ஊசி ஆறு கிழமையில்தான்.
அதுவரை தாயின் இரத்தம் கொடுத்தனுப்பியதே காவல்.
இதையும் சொன்னேன்.

"அம்மா வேண்டாமெண்டவ" என்று முணுமுணுத்தாள்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
"ஐயோ, அதைச் சொல்லாதேங்கோ!"
அதையும்.

"அக்கா, நீங்களெண்டால் போடுவியளோ?"

கேள்வி எனக்கு. ஆனாலும் மொழிபெயர்த்தேன்,
மூன்றாம் மனுசியாக என்னைக் குறிப்பிட்டு.
என் இரண்டு பிள்ளைகளுக்கும் யாரும் என்னை
எதுவும் கேட்டதில்லை.
கையை நீட்டு என்றார்கள். நீட்டினேன்.
எது ஏறியதென்று இன்றைக்கும் தெரியாது.
அந்தக் கதைக்கு இங்கே சம்பளமில்லை,
நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிரான்வின் சொன்னாள்: இன்றைக்கே என்றில்லை.
தமிழில் ஒரு தாள் இருக்கிறது, வாசித்துவிட்டு
அடுத்த கிழமையும் வரலாம்.
கேள்வி இருந்தால் இன்னும் கேட்கலாம்.

தாள் புரளும் சத்தம்.
எங்கோ ஒரு தள்ளுவண்டிச் சில்லு கிறீச்சிட்டது.
மௌனத்தை மொழிபெயர்க்க எங்களுக்குப் பயிற்சி இல்லை.
நிமிடக் கணக்கு ஓடியது.

"இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொன்னனீங்கள் என்ன?"
ஓம்.
"அப்ப வலக்கையிலை போடுங்கோ."

வலக்கை என்றேன்.
பஞ்சுப் பொதி கிழியும் சத்தம் வரை
இணைப்பில் இருந்தேன்.

பத்து நாற்பத்தொன்று. அடுத்த அழைப்பு:
வாடகை வீடு, ஒழுகும் கூரை.