பொய் இரவு

மாலை ஆறு மணி.
சிர் தாரியா ஆற்றின் மேல்
வெயில் இன்னும் தோளுயரத்தில் நிற்கிறது.
நான் இருட்டை இழுத்து மூடப் போகிறேன்.

இரும்புச் சட்டம், கறுப்புத் தார்ப்பாய்,
காற்று தூக்காமலிருக்க ஓரமெல்லாம் மணல் மூட்டை.
உள்ளே பன்னிரண்டு வாளிகள்.
எல்லாவற்றிலும் நாற்பத்தொன்றாம் எண்.

ஏப்ரலில் அறுபத்திரண்டு காகித உறைகள் வந்தன.
சில முளைக்கவே இல்லை.
சில, முளைத்த வாரமே நுனி கருகின.
கிசிலோர்டாவில் வயல் காய்ந்தால்
மண்ணே வெள்ளையாகப் பூக்கும்,
அந்த உப்பு செருப்போடு வீடுவரை வரும்.
நாற்பத்தொன்று மட்டும் அதைச் சட்டைசெய்யவில்லை.
வங்கதேசத்துக் கழிமுகத்து நெல்,
உப்புத் தின்று பழகிய வாய்.
தூர் கட்டியது, மார்புவரை வளர்ந்தது,
பச்சையாய் நின்றுகொண்டே இருந்தது.
பூக்க மறந்துவிட்டது என்றேன்.

"மறக்கவில்லை," என்றாள் கலீனா யுகாய்.
"இங்கே அதற்கு ராத்திரி போதவில்லை."

ஜூன் முடிவில் எங்கள் இரவு
ஒரு தூக்கத்துக்குக் காணாது.
அது பிறந்த ஊரில் இரவு நீண்டபிறகுதான்
கதிருக்குக் கணக்குப் பார்க்குமாம்.
அதனால் எனக்கு இந்த வேலை:
மாலை ஆறுக்கு ராத்திரி,
காலை எட்டுக்கு விடியல்.
சம்பளச் சீட்டில் அதற்குப் பெயர் 'இதர பணி'.

என் கணவர் எரிவாயுக் கிணற்றில், தூர வடக்கே.
அங்கே கோடையில் சூரியன் இறங்குவதே இல்லை.
ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டித் தூங்குவதாகப்
போனில் சொன்னார்.
நானும் அதைத்தான் செய்கிறேன் என்றேன், நெல்லுக்கு.
வெகுநேரம் சிரித்தார்.
பிறகு, தாள் ஒரு மூலையில்
கிழிந்திருக்கிறது என்றார்.

பத்தாம் நாள் காவலாளி ஓரின்பை
தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.
நள்ளிரவில் பாயைத் தூக்கி
டார்ச் அடித்துப் பார்த்தாராம்.
"தூங்குதா என்று பார்த்தேன்."
ஒரு நிமிட வெளிச்சம் போதும்,
நீண்ட இரவு இரண்டு குட்டி இரவாகிவிடும்.
கலீனா திட்டவில்லை.
நோட்டில் குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்:
பத்தாம் இரவு. ஓரின்பை.

நாற்பத்தாறாம் நாள்.
உறையை விரல்களுக்கிடையில் உருட்டினேன்.
உள்ளே கெட்டியாக ஏதோ.
இன்னொன்று. இன்னொன்றும்.
பொதி!
கத்தியதில் ஓரின்பையின் நாய் குரைத்தது.

அதன்பின் எல்லாம் அவசரம்.
முந்தின மாலையே எங்கள் ஊர் நெல்லில்
நூற்று நாற்பது பூக்களின் தலை கத்தரித்து,
பூவுக்கு ஆறாய் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்து,
காகித உறை மாட்டினோம்.
மறுநாள் பத்து நாற்பதுக்கு நாற்பத்தொன்று வாய் திறந்தது.
அதன் தூளுக்கு ஐந்து நிமிட ஆயுள்.
கலீனா ஓடி நான் பார்த்ததில்லை,
அன்று வரப்பில் கதிரைப் பிடித்துக்கொண்டு
மெழுகுவத்தியை அணையாமல் கொண்டுபோகிறவள்போல
ஓடாமல் ஓடினாள்.
தட்டினோம். மஞ்சளாக ஒன்றும் தெரியவில்லை.
உறையை மூடினோம்.

பதினேழு பால் பிடித்தன.
எட்டு பதர்.

மூடாத வயலிலும் நாற்பத்தொன்று ஒரு வரிசை இருந்தது,
ஒப்பிட்டுப் பார்க்க.
அக்டோபரில் முதல் உறைபனி.
காலையில் போனபோது
வரிசை முழுக்க வெந்த கீரைபோலக் கிடந்தது.
ஒரு தண்டை நகத்தால் கீறினேன்.
உள்ளே, விரல் நீளம், வெள்ளையாக,
கதிர்.

யாரும் பாய் போர்த்தாமலே
இரவு தானாக நீண்டிருக்கிறது,
இதுவும் தானாகக் கணக்கு முடித்து
புறப்பட்டிருக்கிறது.
கலீனாவிடம் காட்டினேன்.
அளவெடுத்தாள், எழுதினாள்,
பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அந்த வரிசையிலேயே கொஞ்சநேரம் நின்றாள்.
வைக்கோல் ஓரின்பையின் பசுவுக்குப் போனது.

ஒன்பது விதைகள் ஒரு சிறு உறையில்.
ஒட்டும்போது உள்ளே கலகலத்தது.
தாய், தந்தை, தேதி எழுதினேன்.
பெயர் என்ற கட்டம் காலி.

ஆணியில் மடித்துத் தொங்குகிறது தார்ப்பாய்.
மணி ஆறு.
வெளியே ஏற்கெனவே இருட்டு,
கைகள்தான் இன்னும்
எதையோ இழுத்து மூடப் பார்க்கின்றன.