எந்த நாளில் கிழிந்தது

ஓஸ்ட்ராவா ரயில் நிலையக் கழிப்பறையில்
டைல் பதித்துக்கொண்டிருந்தார் ஓட்டகர்.
எழும்போது முட்டிக்குள்
ஈரத்துணி கிழிந்தாற்போல ஒரு சத்தம்.

பிறை வடிவக் குருத்தெலும்பாம்.
இரண்டு துளை, ஒரு கேமரா, மூன்று தையல்.
இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தபடி
திரையில் பார்த்தார்:
ஓரம் நைந்துபோன
பழைய சட்டைக் காலர்.

காப்பீட்டு அலுவலகப் பெண் கேட்கிறாள்:
எந்த நாள்? எத்தனை மணிக்கு?
வேறெங்காவது மண்டியிடுவதுண்டா,
தேவாலயத்தில்?

அந்தத் தரையும் நான் போட்டதுதான்.

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஆறு வாரம் மடக்கக் கூடாது.
ஊன்றுகோலோடு போய் உட்கார்கிறார்
மருத்துவமனைக் கழிப்பறையில்.
நீட்டிய காலுக்கு நேரே
ஒரு டைல் மட்டும்
அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது.
பெருவிரலால் தடவுகிறார்.
எவன் போட்டது இதை?